சேமலாப நிதியும் வரிச் சட்டமும்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் விடியுமுன் வீதி கூட்டும் தொழிலாளரைக் கண்டிருப்பீர்கள். அவர்களுள் நிரந்தர நியமனம் பெற்றவருக்கு ஓய்வூதியம் உண்டு. அமையத் தொழிலாளிக்கோ முதுமையில் ஊன்றுகோலாவது பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதியே.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய நிதி இது. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தொழில்கொள்வோர் 12 வீதம் சேர்த்துச் செலுத்துதல் வேண்டும். தாமதித்தால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம்.

இப்பணத்தின் பெரும்பகுதி திறைசேரி முறிகளில் இடப்பட்டுள்ளது. 2023இல் அரசு உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை ஏற்கும் நிதியங்களுக்கு முறி வருமானத்தில் 14 வீத வரி, மறுப்பவற்றுக்கு 30 வீதம் என விதித்தது. சேமலாப நிதி இணங்கிற்று. புதிய முறிகளுக்கு 2026 வரை 12 வீத வட்டி. பின்னர் 9 வீதம். விருப்பத் தெரிவு என்றே இதற்குப் பெயர்! இருமடங்குக்கு மேற்பட்ட வரியை எதிரே நிறுத்தியபின் விருப்பமேது? பணத்துக்குரிய தொழிலாளியை எவரும் கேட்கவுமில்லை.

வன்னியில் வேறொரு சங்கடமும் உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தோர் பலர். நிதிப் பதிவிலுள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் வேறுபட்டால், ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணம் கோரும்போது அலைய நேரும். வேலையில் இருக்கும்போதே தொழில் அலுவலகம் சென்று அதைத் திருத்துவித்துக்கொள்ளுங்கள்; கணக்கு மீதியையும் கேட்டறியுங்கள்.