பாலஸ்தீனப் பண்பாடு: ஒரு மக்களின் உரிமைப் பத்திரம்

(பாலஸ்தீன மக்களுடனான சர்வதேச ஒருமைப்பாட்டு நாளையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றியது. விடுதலை பெற்று மூன்று மாதங்களே ஆகியிருந்த இந்தியா அத்தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. பிரிவினை என்றால் என்ன என்பதை அப்போது நம் மக்களைவிட நன்கறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. 30 ஆண்டுகளுக்குப் பின், 1977இல், அதே நாளைப் பாலஸ்தீன மக்களுடனான ஒருமைப்பாட்டு நாளாக ஐ.நா. அறிவித்தது.

இந்த நாளில் நாம் கண்டனத் தீர்மானத்துடன் நின்றுவிடவில்லை. பாலஸ்தீனப் பாடல்களையும் ஓவியங்களையும் பூத்தையல் ஆடைகளையும் இந்த அரங்கிற்குக் கொண்டு வந்திருக்கிறோம். குழந்தைகள் குண்டுவீச்சிலும் பசியிலும் மடியும் காலத்தில் கலையைக் கொண்டாடுவது தகுமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடையளிக்க முயல்வதே என் உரையின் நோக்கம்.

ஒரு மக்களின் மீது குண்டு விழுவதற்கு முன்பே ஒரு கருத்து விழுந்துவிடுகிறது. அவர்கள் ஒரு மக்களே அல்லர் என்பதுதான் அந்தக் கருத்து. ‘மக்களில்லாத நிலம், நிலமில்லாத மக்களுக்கு’ என்ற முழக்கம் சியோனிச இயக்கத்தின் பிரச்சாரத்தில் நெடுங்காலம் புழங்கியது. 1969இல் இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயர், பாலஸ்தீனர் என்று எவரும் இருந்ததில்லை என்ற பொருள்படப் பத்திரிகைப் பேட்டியிலேயே கூறினார். இல்லாத மக்களுக்கு எதிராகக் குற்றம் இழைக்க முடியாதல்லவா? இந்த மறுப்பின் பயன் அதுவே.

அந்த மறுப்பு எடுபடாமற்போன பிறகு இரண்டு உருவங்கள் உலகின் முன் வைக்கப்பட்டன. ஒன்று, முகத்தை மூடிய பயங்கரவாதி. மற்றொன்று, நிவாரண உணவுக்காகப் பாத்திரம் ஏந்தி நிற்கும் அகதி. முதல் உருவம் வெறுப்பைத் தூண்டுகிறது; இரண்டாவது இரக்கத்தைத் தூண்டுகிறது. ஆயினும் இரண்டிலுமே இல்லாதது ஒன்று உண்டு. உழுது, நெய்து, எழுதி, வாதிட்டு, வரலாற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் மனிதர் அவற்றில் இல்லை. இரக்கம் மட்டுமே கொண்ட ஒருமைப்பாடுகூட அறியாமலே அந்த மனிதரை மறைத்துவிடக்கூடும்.

இஸ்ரேல் என்ற அரசு தோன்றுவதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பு, 1911இல், யாஃபா நகரிலிருந்து ஒரு செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது. அதன் பெயர் ‘ஃபலஸ்தீன்’. அதை நிறுவிய ஈசா அல்-ஈசா அரபுக் கிறிஸ்தவர். தன் நாட்டின் பெயரையே தலைப்பாகச் சூட்டி நாளேடு நடத்திய ஒரு சமூகத்தைப் பார்த்துத்தான், நீங்கள் இருந்ததே இல்லை என்று பின்னாளில் சொல்லப்பட்டது. பாலஸ்தீனப் பிரச்சனையை மத மோதலாகச் சுருக்குவோருக்கும் அந்த நாளேட்டின் வரலாறு விடையளிக்கிறது.

தோழர்களே, இந்தப் பண்பாடு அரண்மனைகளில் பிறந்ததல்ல. அதன் ஆணிவேர் உழைப்பில் இருக்கிறது. ‘தத்ரீஸ்’ எனப்படும் பூத்தையலை எடுத்துக்கொள்வோம். கிராமத்துப் பெண்கள் தங்களது நீண்ட அங்கிகளில் பட்டு நூலால் இடும் குறுக்குத் தையல் அது. சைப்ரஸ் மரம், நிலவு, பறவை, விண்மீன் எனத் தாங்கள் கண்ட உலகையே அவர்கள் அதில் வடித்தனர். வடிவத்தையும் நிறத்தையும் பார்த்து, அணிந்திருப்பவர் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியும்.

1948இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் விரட்டியடிக்கப்பட்டனர். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் அழிந்தன அல்லது மக்களற்றுப் போயின. வரைபடத்திலிருந்து பெயர் நீக்கப்பட்ட ஊர்கள், முகாம்களில் வாழ்ந்த பெண்களின் ஆடைகளில் நிலைத்து நின்றன. 1967க்குப் பின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் பாலஸ்தீனக் கொடியை ஏந்துவது குற்றமாக்கப்பட்டது. 1987இல் முதல் இந்திஃபாதா எழுச்சி வெடித்தபோது பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் அங்கிகளிலேயே தைத்தனர். கையிலிருந்து கொடியைப் பறித்த சிப்பாய்க்கு உடலின் மீதிருந்த கொடியைப் பறிப்பது எளிதாக இருக்கவில்லை. இக்கலையை 2021இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்று உலகெங்கும் ஒருமைப்பாட்டுச் சின்னமாக விளங்கும் கஃபியா துண்டிற்கும் ஒரு வர்க்க வரலாறு உண்டு. அது நாட்டுப்புற விவசாயிகள் வெயிலுக்கும் தூசிக்கும் தலையில் கட்டிய துணி. நகரத்து மேட்டுக்குடியினர் துருக்கித் தொப்பியே அணிந்தனர். 1936 முதல் 1939 வரை பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த பேரெழுச்சியில் முன்னணியில் நின்றவர்கள் விவசாயிகள். கஃபியா அணிந்த போராளிகள் நகரங்களுக்குள் நுழைந்தால் பிரிட்டிஷ் படையினர் எளிதில் அடையாளம் கண்டு பிடித்தனர். ஆகவே 1938இல், நகரத்து ஆண்கள் அனைவரும் தொப்பியைக் களைந்து கஃபியா அணிய வேண்டும் என்று எழுச்சியின் தலைமை ஆணையிட்டது. ஏழை விவசாயியின் தலைத்துணி அன்று ஒரு தேசத்தின் ஆடையாயிற்று. இன்று அதைத் தோளில் அணிவோர் நினைவில் கொள்ள வேண்டிய வரலாறு இது.

அடுத்து ‘ஹிகாயா’ எனும் கதை மரபு. குளிர்கால மாலைகளில் மூதாட்டிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சொல்லும் கதைகள் இவை. பெண்களின் பார்வையிலிருந்து குடும்பத்தையும் அதிகாரத்தையும் இக்கதைகள் எடைபோடுகின்றன. இப்ராஹிம் முஹாவியும் ஷரீஃப் கனாஅனாவும் இவற்றில் 45 கதைகளைத் தொகுத்து 1989இல் நூலாக வெளியிட்டனர். 2007இல் ஹமாஸ் பொறுப்பிலிருந்த கல்வி அமைச்சகம் இந்நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தனர். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இதை மறைக்காமல் சொல்வது நம் கடமை. எந்த மக்களின் பண்பாட்டிலும் உள்ளே ஒரு போராட்டம் நடந்துகொண்டிருக்கும். ஆக்கிரமிப்பின் கீழும் பாலஸ்தீனர்கள் அந்தப் போராட்டத்தைக் கைவிடவில்லை.

பண்பாடு நிலத்தைக் காக்க முடியுமா? பெத்லகேம் அருகிலுள்ள பத்தீர் கிராமம் ஒரு விடை தருகிறது. மலைச்சரிவில் கல் அடுக்கி அமைத்த படிவயல்கள், பழமையான ஊற்றுநீர்க் கால்வாய்கள், குடும்பங்கள் முறைவைத்து நீரைப் பங்கிடும் ஏற்பாடு ஆகியவை அங்கு இன்றும் வழக்கில் உள்ளன. இஸ்ரேலின் பிரிவினைச் சுவர் இந்த வயல்களை ஊடறுத்துச் செல்லத் திட்டமிடப்பட்டது. கிராமத்தவர் வழக்குத் தொடுத்தனர். இஸ்ரேலியச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பலரும் அவர்களுடன் நின்றனர். 2014இல் யுனெஸ்கோ பத்தீரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுவர்ப் பணி 2015இல் நீதிமன்றத்தில் தடைபட்டது. குடியேற்றங்களின் நெருக்குதல் இன்றும் ஓயவில்லை. எனினும், தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த கல்வரப்பு ஒரு கான்கிரீட் சுவரை நிறுத்திய வரலாறு இது.

பண்பாட்டின் இந்த வலிமையை ஒடுக்குவோரும் அறிந்தே இருக்கின்றனர். 1948இல் மேற்கு ஜெருசலேமிலிருந்து விரட்டப்பட்ட பாலஸ்தீனர்களின் வீடுகளிலிருந்து சுமார் 30,000 நூல்கள் திரட்டி எடுத்துச் செல்லப்பட்டன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை ‘கைவிடப்பட்ட சொத்து’ என்ற குறியீட்டுடன் இஸ்ரேலின் தேசிய நூலகத்தில் உள்ளன. துப்பாக்கி முனையில் வீட்டை விட்டு வெளியேறியவர் தம் நூல்களைக் கைவிட்டவர் ஆகிவிட்டார்!

எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் நேர்ந்தது என்ன? ‘வெயிலில் மனிதர்கள்’ என்ற குறுநாவலைத் தந்த கஸ்ஸான் கனஃபானி, 1972 ஜூலை 8 அன்று பெய்ரூட்டில் காரில் வைக்கப்பட்ட குண்டுக்குப் பலியானார். உடனிருந்த அவருடைய சகோதரி மகளும் உயிரிழந்தார். அகதி முகாமில் வளர்ந்த ஓவியர் நாஜி அல்-அலியின் கேலிச்சித்திரங்களை முதன்முதலில் கண்டு வெளியிட்டவர் இதே கனஃபானி. நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஹன்தலா என்ற பத்து வயதுச் சிறுவனைப் படைத்த நாஜி அல்-அலி, அரபு ஆட்சியாளர்களின் துரோகத்தையும் விட்டுவைக்கவில்லை. 1987இல் லண்டன் தெருவில் அவர் சுடப்பட்டு இறந்தார். பேனாவும் தூரிகையும் ஆபத்தற்றவை என்றால் அவற்றை ஏந்தியவர்கள் ஏன் கொல்லப்பட வேண்டும்?

நம் இயக்கத்தினர் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய மரபும் ஒன்றுண்டு. மஹ்மூத் தர்வீஷ் கவிஞராக வளர்ந்தது ஹைஃபாவில், இஸ்ரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அரபுப் பத்திரிகைகளில் பணியாற்றியபடிதான். நாவலாசிரியர் எமீல் ஹபீபி அக்கட்சியின் தலைவர்களில் ஒருவர். கவிஞர் தவ்ஃபீக் ஸய்யாத் கம்யூனிஸ்ட். 1975 முதல் மறையும் வரை நாசரேத் நகரின் மேயராக இருந்தவர். நிலப்பறிப்பை எதிர்த்து 1976 மார்ச் 30 அன்று நடந்த பொது வேலைநிறுத்தத்தில் ஆறு பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் நில தினமாக அது நினைவுகூரப்படுகிறது. அவ்வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஸய்யாதும் ஒருவர். யூதரும் அரபியரும் ஒன்றாக இருந்த கட்சி அது. நம் எதிர்ப்பு யூத மக்களுக்கு எதிரானதல்ல, ஆக்கிரமிப்புக்கும் இனவெறிக்கும் அதைத் தாங்கிப் பிடிக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிரானது என்று நாம் சொல்வதன் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

1956இல் ஆசிய எழுத்தாளர்கள் தில்லியில் கூடினர். அங்கிருந்து வளர்ந்த ஆப்பிரிக்க-ஆசிய எழுத்தாளர் இயக்கம் 1969இல் தர்வீஷுக்கு லோட்டஸ் விருதளித்தது. அவ்வியக்கத்தின் ‘லோட்டஸ்’ இதழைப் பெய்ரூட்டில் தங்கி நடத்தியவர் நம் துணைக்கண்டத்தின் மாபெரும் உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ். 1982இல் இஸ்ரேலியப் படையெடுப்பு வரும்வரை அவர் அங்கிருந்தார். 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அரபு உலகுக்கு வெளியே முதன்முதலாக அங்கீகரித்ததும் இந்தியாவே. அதே நாட்டில் இன்று பாலஸ்தீனத்துக்காக அமைதியாகக் கூடுவதற்கு அனுமதி கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

காசாவில் 2023 அக்டோபர் முதல் நடந்திருப்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். காசாவின் பழம்பெரும் உமரி பெரிய மசூதி சிதைக்கப்பட்டது. உலகின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்றான புனித போர்ஃபிரியுஸ் தேவாலய வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோர் கொல்லப்பட்டனர். நகராட்சி நூலகமும் மத்திய ஆவணக் காப்பகமும் ரஷாத் ஷவா பண்பாட்டு மையமும் அழிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பண்பாட்டு இடங்கள் சேதமடைந்ததை யுனெஸ்கோ உறுதி செய்திருக்கிறது. எழுத்தாளர் ஹிபா அபு நதா, ஓவியர் ஹிபா ஸகூத், ஆங்கில இலக்கியப் பேராசிரியரும் கவிஞருமான ரிஃபாத் அல்அரீர் ஆகியோர் 2023லேயே கொல்லப்பட்டனர். ஆவணக் காப்பகத்தில் எரிந்தவை வெறும் தாள்கள் அல்ல. ஒரு நகரம் தன் நிலத்தையும் தெருக்களையும் தனதென்று நிறுவ வைத்திருந்த சான்றுகள் அவை.

ஆகவேதான், தோழர்களே, இந்தக் கொண்டாட்டம் துக்கத்துக்கு முரணானதல்ல. நிலத்தைப் பறிப்பவர், அந்நிலத்தின் மீதான உரிமைப் பத்திரத்தையும் கிழிக்க விரும்புகிறார். பூத்தையலும் கதையும் கவிதையும் கல்வரப்பும் பாலஸ்தீன மக்களின் கையிலுள்ள அந்தப் பத்திரங்கள். உலகின் பல கைகளில் அவற்றுக்குப் படிகள் இருக்கும்வரை அவற்றை முற்றாக அழிக்க முடியாது.

நம் பணி தெளிவானது. போர்நிறுத்தத்துக்காகவும், இஸ்ரேலுடனான ஆயுத வணிகத்தை நிறுத்தக் கோரியும் வீதியில் இறங்குவது முதற்கடமை. அத்துடன், பாலஸ்தீன எழுத்துகளை நம் மொழிகளில் பெயர்த்து நூலகங்களுக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவர்களின் திரைப்படங்களைத் தொழிற்சங்க அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் திரையிட வேண்டும். வாட்ஸ்அப் வழியாகப் பரப்பப்படும் வெறுப்புக்கு வெறும் மறுப்பு போதாது. ஹன்தலாவையும் கஃபியாவின் கதையையும் அறிந்த ஓர் இளைஞனிடம், பாலஸ்தீனர் எல்லாரும் பயங்கரவாதிகள் என்ற பொய்யை விற்பது கடினம்.

பாலஸ்தீனருக்கு நம் கண்ணீர் தேவைதான். அதைவிட, தம்மைச் சமமான மக்களாக அறிந்து தம் பக்கம் நிற்கும் தோழமை தேவை. அந்தத் தோழமையை நம் ஊர்களில் வளர்ப்போம்.

பாலஸ்தீன விடுதலை வெல்க! சர்வதேச ஒருமைப்பாடு ஓங்குக!