மன்னார் முதல் மாத்தளை வரை: நடந்தவர்களின் பாதை



கே. டானியலின் நினைவில் பேச வந்திருக்கிறோம். 'பஞ்சமர்' எழுதிய டானியல் யாழ்ப்பாணத்துக்காரர். 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் இறந்தார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கடல் கடந்து வந்து நம் மண்ணில் படுத்திருக்கிற ஒருவரின் நினைவில், நம் மண்ணிலிருந்து கடல் கடந்து போய் அந்தப் பக்கத்துக் காட்டில் விழுந்துவிட்டவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம். அவர் எழுதியது யாழ்ப்பாணத்துச் சாதியைப் பற்றி. நாங்கள் பேசப்போவது கண்டிச் சீமைக்குப் போன வழியைப் பற்றி. இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

அந்த வழி இதுதான். தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், இராமேஸ்வரம் ஆகிய கரைகளில் தோணி ஏறுவார்கள். மன்னார்க் கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து நடை. மணல் முடிந்தால் முருங்கன், மடு, பிறகு காடு. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள, நாலந்தா தாண்டி மாத்தளை. சுமார் 250 கிலோமீட்டர். கங்காணி முன்னால் போவான், கடன் பின்னால் வரும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்முன்பே வழிச்செலவு அவர்கள் பேரில் பற்று எழுதப்பட்டிருக்கும். மரத்தின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்த்த கதை மலையகத்தில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் ஜார்ஜ் பேர்ட் என்பவரின் கோப்பித் தோட்டத்துக்குப் போன 14 குடும்பங்களிலிருந்து மலையக மக்கள் தங்கள் வரலாற்றைக் கணக்கிடுகிறார்கள். போனவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. பறையர், பள்ளர், சக்கிலியர். பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாதவர்கள். கங்காணிகளில் பலர் இடைநிலைச் சாதியார். ஊரில் இருந்த படிநிலை தோணியில் ஏறி, கூடவே நடந்து, லயத்தில் போய்க் குடியேறியது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கோப்பிக் காலத்தில் அது ஒருவழிப் பாதை இல்லை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். பருவம் முடிந்ததும் பலர் திரும்பி நடந்தார்கள், அடுத்த பருவத்துக்கு மறுபடியும் போனார்கள். காலரா அவர்களோடு போனது. தண்ணீர் இல்லாத இடங்களில் விழுந்தார்கள். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் சண்டை. 1840களில் மட்டும் 70,000 பேர் என்று அந்தக் காலத்திலேயே கொழும்புப் பத்திரிகையில் எழுதினார்கள். அது மிகை என்று மறுப்பவர்களும் உண்டு. டொனோவன் மோல்ட்ரிச் 1989இல் கோப்பித் தொழிலாளர் பற்றி எழுதிய ஆங்கில நூலில் இந்தச் சாவுகள் விரிவாக வருகின்றன. எண்ணிக்கையில் சண்டை போடும்படி ஆனதே ஏன்? தோட்டத்துக் கணக்கில் மூட்டைகள் இருந்தன. வழியில் விழுந்தவர்களின் பெயர் எழுதப்பட்ட ஏடு இல்லை.

1860களின் கடைசியில் கோப்பியை இலைநோய் பிடித்தது, பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும், குடும்பங்கள் அங்கேயே நின்றன. பிளேக் பயத்தில் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் காட்டுவழி மூடப்பட்டது. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் இணைந்த பிறகு நடந்து போனவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். மலையகத்தில் இன்று உலகம் பேசுகிற பாதை ஒன்று இருக்கிறது. பீக்கோ டிரெயில் என்று பெயர். கண்டிப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கும் மேல், 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்தன. பயணிகள் நடப்பது தேயிலைக் காட்டின் நடுவே, லயங்களின் ஓரமாக. அந்தப் பாதையை நாங்கள் பழிக்கவில்லை. சில தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அந்த வழிகளை வெட்டியவர்கள் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார்களோ, அந்த வழிக்கு ஒரு கல் நட இத்தனை ஆர்வம் யாருக்கும் வரவில்லை.

காரணம் தெளிவு. மன்னார் மாத்தளைப் பாதையில் காட்சி இல்லை. பனி இல்லை, அருவி இல்லை. வறண்ட சமவெளி, வெயில். பழைய தடத்தின் பெரும்பகுதி இன்று தார்ச்சாலைக்கு அடியிலோ அதன் ஓரத்திலோ கிடக்கிறது. மதவாச்சிக்குத் தெற்கே கண்டி வீதியில் லாரிகள் பறக்கின்றன. படம் எடுத்துப் போட ஒன்றுமில்லாத பாதை. பயணிக்குப் பிடிக்கும்படி காட்ட முடியாதது பாரம்பரியப் பட்டியலில் ஏறுவதில்லை.

அந்தப் பாதையை மீண்டும் மக்கள் கண்ணில் காட்டியது மக்களே. 2023இல், 200 ஆண்டு நிறைவில், 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டமைப்பினர் ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 அன்று மாத்தளை போய்ச் சேர்ந்தார்கள். தேயிலை பறிக்கும் பெண்கள் நடந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்தார்கள், சேர்ந்து நடந்தார்கள். காணி, வீடு, நியாயமான கூலி கேட்டு நடந்த நடை அது. ஆயிரம் ரூபாய் நாட்கூலி வாங்கவே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள் அவர்கள்.

இந்த வழியை அடையாளப்படுத்திப் பாதுகாக்க வேண்டும், வெளியாரும் வந்து நடக்கட்டும் என்று நாங்கள் சொல்லும்போது நம் தோழர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். பிணங்கள் விழுந்த வழியைச் சுற்றுலா ஆக்குவதா என்கிறார்கள். அந்தக் கோபத்தை மதிக்கிறோம். கூலிவேடம் கட்டி, தலையில் மூட்டை வைத்துப் பயணிகளை நடக்கவிடும் கேவலம் ஒருநாள் வரத்தான் வரும். ஆனால் நடக்காத பாதை அழியும். பழைய கிணற்றைத் தூர்த்து வீடு கட்டுகிறவனுக்கு அது எந்தக் கிணறு என்று தெரியாது. தெரியவைக்காதது நம் குற்றமும்தான்.

அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது, அதில் இரண்டு பாடமும் உண்டு. 1965இல் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு 54 மைல் நடந்தார்கள். அதுவும் ஒரு நெடுஞ்சாலைதான், அங்கேயும் காட்சி எதுவும் இல்லை. 1996இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தது. வழியில் லௌண்ட்ஸ் மாவட்டம். வாக்காளராகப் பதிந்ததற்காக நிலக்காரர்கள் வெளியேற்றிய குத்தகைக் குடும்பங்கள் அங்கே கூடாரம் போட்டு வாழ்ந்தன. அந்தக் கூடாரங்கள் நின்ற இடத்திலேயே இன்று பார்வையாளர் மையம் இருக்கிறது. வருகிறவன் சரியான இடத்தில் நின்று சரியான கதையைக் கேட்கிறான். இது முதல் பாடம். இரண்டாவது, அதே மாவட்டத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் வீட்டுப் பின்புறம் இன்றும் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. தடம் வந்தது, சாக்கடை வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையை அறிந்த நமக்கு இது புதிதாக இல்லை.

ஆகவே பலகை நட்டால் போதும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பலகையில் என்ன எழுதுவது, யார் எழுதுவது? 'தென்னிந்தியத் தொழிலாளர்' என்று எழுதி முடித்துவிட்டால் சாதி மறைந்துபோகும். யாருடைய பிள்ளைகள் காட்டில் விடப்பட்டார்கள் என்பதும் மறையும். வழிகாட்டியும் தங்குமிடம் நடத்துகிறவரும் தோட்டத்து மக்களாகவும் வழியோரக் கிராமத்தாராகவும் இருக்க வேண்டும், வரும் பணத்தின் கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். காட்டைத் தாண்டிப் பிழைத்து வந்தவர்களின் நம்பிக்கையில் வளர்ந்த மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு இன்று எல்லாப் பயணிகளும் கோபுரம் பார்க்க வருகிறார்கள். அங்கே நிற்பவனிடம் இந்த மாரி எந்த வழியாக வந்தாள் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

இதுவரை அந்தப் பக்கத்தைச் சொன்னோம். பாதையின் முதல் பாதி நம்முடையது. சேரியிலிருந்து தொண்டிக் கரை வரைக்கும் நடந்த வழிக்கு எந்த அடையாளமும் இல்லை. இங்கே ராஜாக்கள் நடந்த பெருவழிகளுக்குக் கல்வெட்டு தேடுகிறோம். கங்காணிக்குப் பின்னால் போனவர்கள் எந்தக் கிராமத்து எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்று ஒரு வரைபடம் கூட வரையவில்லை.

திரும்பி வந்ததும் அதே வழிதான். 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று, அவர்களைக் கேட்காமலே பிரித்தது. ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள். எங்களுள் சிலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் எங்களை 'சிலோன்காரங்க' என்பார்கள். எங்கள் பாட்டி ஒருவர் குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாகும்வரை தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். தாயகம் திரும்பியதாக அதில் எழுதியிருந்தது. அவர் பிறந்தது பதுளையில். அவருடைய தாய்வழிப் பூட்டி நடந்து போனவர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும், எந்த ஊரிலிருந்து என்று தெரியாது. புதுக்கோட்டைப் பக்கம் என்பார், பிறகு திருச்சிப் பக்கம் என்பார்.

அந்த ஊரைத்தான் முதலில் தேட வேண்டும். இந்த மன்றம் ஒரு வேலையைத் தொடங்குகிறது. கண்டிக்குப் போய் வராதவர்கள், போய் வந்தவர்கள் என்று உங்கள் குடும்பத்தில், தெருவில் பேச்சு இருந்தால் எழுதிக் கொடுங்கள். ஊர், தெரு, உறவுமுறை, கேட்ட கதை, ஏறிய கரை. பெயர் தெரியாவிட்டால் 'தாத்தாவின் அக்கா' என்று எழுதினாலும் போதும். கங்காணியின் பெயர் மட்டும் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். நம் ஆள் பெயர் மறந்து கங்காணி பெயர் நிலைத்திருப்பதும் ஒரு தகவல். மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவசரப்படாமல். மாத்தளைப் பக்கத்துத் தோழர்கள் வழியோரக் கிணறுகளையும் புதைத்த இடங்களையும் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.

நோட்டு வாசலில், புத்தக மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பதுளைப் பாட்டியின் பெயரை எழுதியிருக்கிறோம். சொந்த ஊர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.