நம் காகிதம் எங்கே?
(ஆம்பூர் தோல் பதனிடும் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



அரிய நூல் கண்காட்சியில் ராஜாக்கள் கதை மட்டுந்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994ல் சென்னையிலேயே நூலகம் எழுந்தது.

நம் காகிதங்கள் எங்கே? சம்பளச் சீட்டும், வேலைநிறுத்த நோட்டீசும், ஒப்பந்த நகலும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. முதலாளியின் கணக்குப் புத்தகமோ பீரோவில் பத்திரமாக இருக்கிறது! நாளை வரலாறு எழுத வருகிறவன் எதைப் பார்த்து எழுதுவான்? கிராஜுவிட்டி வழக்கிலும் அந்தச் சீட்டுதானே சாட்சி?

பரணைத் தேடுங்கள். கிடைத்ததைச் சங்க ஆபீசில் சேருங்கள். சுண்ணாம்புக் குழியில் நின்றவன் கதையும் கண்காட்சியில் ஏறட்டும்!