பனிக்காலமும் நம் கைகளும்

மார்கழி பிறந்ததும் நம் கைகள் பருவத்தின் மாற்றத்தைக் காட்டத் தொடங்குகின்றன. புறங்கை சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கிறது. நகத்தால் கீறினால் வெண்கோடு விழுகிறது. விரல் மூட்டுகளில் தோல் வெடித்து எரிகிறது. எழுத அமர்ந்தால் அரிப்பு கருத்தைக் கலைக்கிறது. இதற்கு ஆயுர்வேதம் கூறும் வழி யாது, அவ்வழி எதுவரை செல்லும் என்னும் இரண்டையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றைக் கொண்டு ஆயுர்வேதம் உடலை விளக்குகிறது. வறட்சி, குளிர்ச்சி, சொரசொரப்பு ஆகியவை வாதத்தின் குணங்கள். ஒத்த குணத்தால் ஒன்று பெருகும்; மாறான குணத்தால் தணியும் என்பது அந்நூல்களின் அடிப்படை. ஆகவே வறட்சிக்கு நெய்ப்பும், குளிர்ச்சிக்கு இளஞ்சூடும் மருந்தாகின்றன. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம், முன்பனிக் காலமாகிய ஏமந்த ருதுவில் எண்ணெய் தேய்த்துக் கொள்ளுமாறும், கழுவுதற்கு இதமான சூடுள்ள நீரைக் கொள்ளுமாறும் கூறுகிறது.

வித்துகளிலிருந்து எடுக்கும் எண்ணெய்களுள் நல்லெண்ணெயே சிறந்தது என்பது சரக சம்ஹிதையின் கருத்து. தைலம் என்னும் வடசொல், எள்ளைக் குறிக்கும் திலம் என்பதிலிருந்து பிறந்தது. தமிழிலும் எள்ளின் நெய்யே எண்ணெய். இரு மொழியினரும் முதலில் அறிந்த எண்ணெய் எதுவென்று இச்சொற்களே காட்டுகின்றன அல்லவா?

இன்றைய உடலியலும் இவ்வழக்கத்திற்குக் காரணம் காட்டுகிறது. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. புறங்கையின் தோலோ மிக மெல்லியது. தோலின் மேற்படையிலுள்ள கொழுப்பு, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. சவர்க்காரமும் கொதிநீரும் அக்கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. வறண்ட பனிக்காற்று ஈரத்தைக் கவர்ந்து செல்கிறது. எண்ணெய் ஒரு மூடிபோல் நின்று அந்த இழப்பைக் குறைக்கிறது.

செய்முறை எளிது. இரவில் கைகளை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். சிறிது ஈரம் இருக்கும்போதே, இளஞ்சூடான நல்லெண்ணெய் சில துளிகளைப் புறங்கையிலும், மூட்டுகளிலும், நகங்களைச் சுற்றியும் மெல்லத் தடவுங்கள். பாத்திரம் துலக்கிய பின்னரும், துணி துவைத்த பின்னரும் அவ்வாறே செய்யுங்கள். முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி இட்டுப் பாருங்கள். தடிப்போ எரிச்சலோ தோன்றினால் விட்டுவிடுங்கள்.

இனி, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு தை மாதத்தில் என் கைகள் அரித்தன. பனி வறட்சி என்றெண்ணி மூன்று வாரம் எண்ணெய் தடவினேன். அரிப்பு தணியவில்லை, இரவில் மிகுந்தது. விரலிடுக்குகளில் சிறு கொப்புளங்கள் எழுந்தன. வெட்கத்தால் மறைத்தேன். என் அறைத் தோழனும் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தான், அவனும் மறைத்தான். தேர்வு நெருங்கிய நாளில் இருவருக்கும் உறக்கம் இல்லை. இறுதியில் மருத்துவர் ஒருமுறை பார்த்த அளவில், “இது சிரங்கு” என்றார்.

தோலைத் துளைத்து முட்டையிடும் நுண்ணிய சிற்றுயிரால் வருவது அந்நோய். 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பொனோமோ இதனை விளக்கி எழுதினார். எண்ணெய் அதனைத் தீர்க்காது. உரிய மருந்தை உடனுறைவோர் அனைவரும் ஒரே சமயத்தில் இடவேண்டும். உடையும் படுக்கைத் துணியும் வெந்நீரில் துவைக்கப்பட வேண்டும். நான் முதல் வாரத்திலேயே வாய் திறந்திருந்தால், என் தோழன் அத்துன்பத்தை அடைந்திருக்க மாட்டான்.

எண்ணெய் தேய்த்தலைப் போற்றிய வாக்படரே, கபம் மிகுந்தோரும் அஜீரணமுற்றோரும் அதனைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லை வகுத்தார். நாமும் எல்லை அறிவோம். இரவில் மிகும் அரிப்பு, வீட்டில் பிறருக்கும் அரிப்பு, சீழ், காய்ச்சல், இரண்டு வாரமாகியும் ஆறாத வெடிப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். பெயரும் உட்பொருளும் தெரியாத பொடிகளை உண்ணாதீர்கள்; பாதரசமும் ஈயமும் கலந்த மருந்துகளும் உண்டு.

வறண்ட கைக்கு எண்ணெய் இடுங்கள். ஆறாத கையை வெட்கமின்றிக் காட்டுங்கள்.