கறுப்பு வெள்ளைப் படமும் மாற்று மையும்



நம் இல்லங்களின் சுவர்களை அணிசெய்யும் பாட்டன், பாட்டியரின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே. இடப்பெயர்வுகளில் படத்தொகுப்புகளை இழந்த குடும்பம் ஒன்றில் எஞ்சியிருப்பது ஒரேயொரு படமாகவும் இருக்கலாம். அதனைப் பிரதிசெய்து இன்க்ஜெட் அச்சுப்பொறியில் அச்சிடும்போது, எந்த மையைப் பயன்படுத்துவது என்னும் வினா எழுகின்றது.

சாதாரண வர்ண அச்சுப்பொறி சாம்பல் நிறத்தை எவ்வாறு உண்டாக்குகின்றது? நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மைகளைக் கறுப்புடன் கலந்தே உண்டாக்குகின்றது. இக்கலவை பகலொளியில் ஒரு சாயலும் மின்விளக்கொளியில் வேறொரு சாயலும் காட்டக்கூடும். அம்மைகள் யாவும் ஒரே வேகத்தில் மங்குவதுமில்லை. ஒன்று முந்தி மங்கினால், படத்திலுள்ள முகம் பசுமையோ செம்மையோ படர்ந்து நிறந்திரிந்துவிடும்.

இக்குறையை நீக்கும்பொருட்டு, அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து அச்சுக்கலைஞர் ஜோன் கோன் போன்றோர், வர்ண மைகளை அகற்றிப் பல செறிவுகளிலான கறுப்பு, சாம்பல் மைகளை நிரப்பும் வழியை வகுத்தனர். கோனின் முறை பீசோகிராபி எனப்படும். ரோய் ஹாரிங்டன் ஆக்கிய குவாட்டோன் ரிப் என்னும் மென்பொருள் இத்தகைய மைகளின் அளவை ஆள்கின்றது. 2005 இல் எப்சன் நிறுவனமும் மூன்று செறிவுக் கறுப்பு மைகளைக் கொண்ட கே3 தொகுதியை வெளியிட்டது.

ஆயின், மாற்று மைகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. கரைந்த சாயத்தாலான மலிவு மை ஒளியாலும் காற்றாலும் விரைவில் வெளிறக்கூடும். கரித்துகள் மையோ நெடுங்காலம் நிலைக்கும். ஏட்டுச்சுவடியின் எழுத்துகளுக்குக் கரி தடவிய நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர் அன்றோ?

கரிமைக்கும் குறைகள் உள. அதன் சாயல் சற்றே கபிலமானது. துகள் அடியிற் படியுமாதலால் மைப்புட்டியை இடையிடையே மெல்ல அசைத்தல் வேண்டும். நெடுநாள் அச்சிடாதுவிடின் நுண்துளைகள் அடைபடும். மினுக்கமற்ற பருத்தித் தாளே இதற்குப் பொருத்தமானது. பிற நிறுவன மையை நிரப்பும்முன் அச்சுப்பொறியின் உத்தரவாத நிபந்தனைகளையும் வாசித்தறிதல் நன்று.

விற்பவரின் சொல்லை மாத்திரம் நம்பவேண்டியதில்லை. வெண்மை முதல் கறுப்பு வரையிலான படிகளை ஒரு தாளில் அச்சிட்டு, பாதியைத் தடித்த அட்டையால் மறைத்து, வெயில் விழும் யன்னலில் இரண்டு மாதம் வையுங்கள். பின்னர் அட்டையை அகற்றி இருபாதிகளையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு தெளிவாகத் தோன்றுமாயின், அம்மையைக் கடிதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மூதாதையரின் முகத்துக்கு அது வேண்டாம்.