கோஷ்டம் என்னும் பனிமலைச் செடி

ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வரும் சரக்குகளுள் கோஷ்டமும் ஒன்று. இருமலுக்கும் இரைப்புக்கும் மருத்துவர்கள் சேர்க்கும் வேர் அது. பழகாதவர் முகஞ்சுளிக்கும் அளவுக்கு மணம் உடையது. தென்னாட்டில் விளைவதென்றே நம்மிற் பலர் எண்ணியிருப்போம். அதன் பிறப்பிடமோ காஷ்மீரம்; அங்கே ‘குட்’ என்பது அதன் பெயர். வடக்கேயிருந்து தெற்கே போன சரக்கையே நாம் மீண்டும் வடக்கே சுமந்து வருகிறோம்!

கிஷன்கங்கை, செனாப் ஆறுகளின் மேற்பள்ளத்தாக்குகளில், 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இது இயல்பாக வளர்கிறது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. குளிர்காலத்தில் தண்டும் இலையும் மடிந்துபோகும். வேர் மட்டும் பனியின்கீழ் உயிரோடிருந்து, வெயில் வந்ததும் தளிர்க்கும். ஆள் உயரத் தண்டின்மேல் கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த பூங்கொத்துகள் தோன்றும். நாம் ஒரு பூ என்று காண்பது உண்மையில் பல சிறு பூக்களின் தொகுதி. பெரிய அழகென்று சொல்வதற்கில்லை. முட்செடியின் பூவைப் போலிருக்கும்.

அதன் பெருமையெல்லாம் வேரில்தான். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவின் முகத்துவாரத்திலிருந்தும் பரூச் துறைமுகத்திலிருந்தும் அது மேனாடுகளுக்குக் கப்பலேறியதைக் கிரேக்க வணிகர் குறிப்பு கூறுகிறது. சீனத்தில் தூபத்துக்கு உதவிற்று. காஷ்மீரச் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் காத்ததும் இதுவே. வருவாய் பெரிதாயிருந்தமையால், 1921-இல் காஷ்மீர அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

ஆனால் வேரைத் தோண்டினால் செடி மாண்டுபோகிறது. விதை முற்றுமுன்னே தோண்டிவிட்டாலோ, அதன் வழித்தோன்றலும் இல்லை. இப்படியே மலைச்சரிவுகள் பல வெறுமையாயின. 1975-இல் இதன் வாணிகம் உலக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1985-இல் மிகக் கடுமையான முதற் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. காட்டில் எஞ்சியவை இன்று அழிவின் விளிம்பில் உள்ளன.

இமாசலத்தின் லாஹுல் உழவர்கள் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். விதைத்த உழவர் வேர் பருக்க ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். பட்டாணியும் உருளைக்கிழங்கும் அவ்வாறு காக்கவைப்பதில்லை. கையில் பணமும் விரைவில் வரும். ஆதலின் குட் வயல்கள் குறைந்ததில் வியப்பில்லை, அவர்களைக் குறைகூறவும் நமக்கு மனமில்லை. கடையில் கோஷ்டம் கேட்கும் நாம், அது வயலில் விளைந்ததா, காட்டில் தோண்டியதா என்று ஒரு சொல் விசாரிக்கலாமே. கடைக்காரருக்குத் தெரியாமற் போகலாம். கேட்போர் பலரானால், அவரும் தமக்குச் சரக்கு அனுப்புவோரை விசாரிப்பார்.

மணாலிப் பக்கம் வசிக்கும் அன்பர்கள், 2020-இல் திறந்த சுரங்கப்பாதை வழியே ஆடி, ஆவணியில் லாஹுலுக்குப் போனால், வயலில் இச்செடி பூத்து நிற்கக் காணலாம்.