உண்போர் நாவும் அரிசியின் தரமும்

1993ஆம் ஆண்டுக் கோடையில் யப்பான் நாட்டிலே வெயில் போதிய அளவு காயவில்லை. வடபுலத்து வயல்களில் குளிர் தாக்கியதனால் நெற்கதிர்கள் பதராயின. விளைவு வழமையிலும் நான்கில் ஒரு பங்களவு குறைந்தது. அயல்நாட்டு அரிசிக்கு ஏறக்குறைய முற்றாகக் கதவடைத்திருந்த அந்நாடு, தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து 25 இலட்சம் தொன் வரையில் அரிசியைத் தருவிக்க நேர்ந்தது.

பஞ்சம் தீர்ந்தது என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. 1994ஆம் ஆண்டில் உள்நாட்டு அரிசிக்காக மக்கள் கடைகளின் முன்னே வரிசையில் நின்றனர். தாய்லாந்து அரிசியோ தேங்கிக் கிடந்தது. இரண்டையும் கலந்து விற்றுப் பார்த்தனர். அதனையும் வாங்குவோர் முகஞ்சுளித்தே வாங்கினர். தாய்லாந்து மக்கள் நாள்தோறும் உண்ணும் அரிசிதான் அது, கெட்டுப்போன அரிசியன்று.

இதனை நாச்செருக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது நீதியாகாது. காரணம் அரிசியின் மாப்பொருளிலேயே இருக்கின்றது. மாப்பொருளில் அமைலோசு, அமைலோபெத்தின் என இரு கூறுகள் உண்டு. அமைலோசு நூற்றுக்கு 25 வீதத்துக்கு மேற்பட்டால் சோறு உதிரியாக நிற்கும், ஆறியதும் விறைக்கும். 20 வீதத்திலுங் குறைந்தால் மென்மையாகி ஒட்டும். யப்பானியர் பெரிதும் போற்றும் கொசிகிகாரி என்னும் இனம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சிறு கிண்ணத்திலிருந்து குச்சிகளாற் சோற்றை எடுத்துண்பவருக்கு ஒட்டாத சோறு எப்படி உதவும்? லாவோஸ் மக்களோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றனர். அவர்களது பசையரிசியில் அமைலோசு அநேகமாக இல்லை. அதனை ஊறவைத்து, ஆவியில் அவித்து, விரல்களால் உருட்டி உண்பர்.

குழம்பும் கறியும் விட்டுக் கையாற் பிசைந்துண்ணும் நம்மவருக்கு உதிரிச் சோறே உவப்பானது. புழுங்கலரிசி அதற்கு மிகவும் ஏற்றது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைப்பதால் மணி இறுகுகின்றது. குற்றும்போது குறுணல் குறைகின்றது. தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதியும் உள்ளே ஊறித் தங்குகின்றது. வட இந்தியரும் பாகிஸ்தானியரும் விரும்பும் பாசுமதிக்குப் பழமையே பெருமை. சேமித்து வைத்த அரிசிதான் வேகும்போது நன்றாக நீளும். அதன் நறுமணத்தைத் தரும் பொருளே நம் வீட்டுக் கறிகளில் இடும் ரம்பையிலையிலும் மணக்கிறது என்பது இல்லத்தரசியருக்கு வியப்பளிக்கலாம்.

இவற்றையெல்லாம் பயிர் விருத்தியாளர் உணரச் சிறிது காலம் சென்றது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ. ஆர். 8 என்னும் குட்டை இனம், அதுவரை கண்டிராத விளைச்சலைத் தந்தது. பசித்திருந்த ஆசியாவுக்கு அது பேருதவி, இதில் ஐயமில்லை. ஆனால் மணியின் வயிற்றில் வெண்சுண்ணம் போன்ற பகுதி இருந்தது. ஆலையில் எளிதில் நொறுங்கியது. சோறு ஆறியதும் கட்டியாயிற்று. சந்தையில் அதற்கு விலை குறைந்தது. விலை குறைந்த நெல்லை உழவன் எத்தனை போகத்துக்கு விதைப்பான்? அந்நிலையம் 1985இல் வெளியிட்ட ஐ. ஆர். 64 இக்குறையைப் பெரிதும் நீக்கியது. அமைலோசு நடுத்தர அளவினதாகிச் சோறும் மென்மை பெற்றதனால், இந்தோனேசியா முதலிய நாடுகளில் அது விரைந்து பரவியது.

இலங்கையில் 1958இல் வெளிவந்த எச். 4 என்னும் இனமோ தொடக்கத்திலிருந்தே செவ்வரிசி. விளைச்சல் உயர்ந்தது, சட்டியிலிருந்த சோற்றின் நிறம் மாறவில்லை.

இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் புதிய நெல்லினத்தின் மணிகளைக் காரக் கரைசலில் ஊறவைத்து, அவை கரைந்து விரியும் அளவைக் கணிக்கின்றனர், அமைலோசையும் அளக்கின்றனர். கருவிகள் யாவும் தத்தம் வேலையை முடித்த பின்னர், அந்த அரிசியைச் சமைத்து, சுவைப்போர் சிலரை அமர்த்தி அவர்கள் முன்னே வைக்கின்றனர்.